அறுபத்து நான்காவது தூண்

சுண்டுவிரல் நகத்தில் பாதி இடம்.
அதற்குள் பதினாறுக்குப் பதினாறு கட்டம்.
சுருள் எண், அச்சு எண், தேதி, மணி, நிமிடம்.
என் பெயர் அதில் இல்லை.
நிமிடத்தைப் பிடித்தால் என்னைப் பிடித்துவிடலாம்.

காரின் இரண்டு கதவுகளுக்கு நடுவில் நிற்கும் தூண்.
பக்கவாட்டில் இடி விழுந்தால்
முதலில் வாங்கிக்கொள்வது இதுதான்.
பேராங்கில், செம்பனைக்கு நடுவே கொட்டகை போட்டு
இடப்பக்கத் தூண் மட்டும் அடிக்கிறோம்.
வலப்பக்கம் எங்கே அடிக்கிறார்கள் என்று
யாரும் சொன்னதில்லை.

லேசர் கண்ணுக்குத் தெரியாது.
தெரிவது பொறி.
பிறகு, சுட்ட ஆணி போல ஒரு வாடை.

ஆழம்தான் வேலை.
கூடினால் துத்தநாகப் பூச்சு கிழியும்,
துரு அந்த வழியாகக் குடிவரும்.
குறைந்தால், பெயிண்ட் தொட்டியில் முங்கி எழும்போது
எண் இருக்காது.
அம்மா இங்கேதான் பால் வெட்டினாள்.
கத்தி பட்டையைத் தாண்டி மரத்தைத் தொட்டால்
மண்டோர் சம்பளத்தில் கை வைப்பார்.
மேலாக வெட்டினால் மங்கு நிறையாது.
நான் வேலைக்குச் சேர்ந்த அன்று
அவள் கேட்டது ஒன்றுதான்:
"இதுக்கும் பிடிப்பானுங்களா?"

அக்டோபர். புகைமூட்டம்.
மணிக்கொரு தடவை லென்ஸைத் துடைக்க வேண்டும்.

நவம்பரில் கடிதம் வந்தது.
இரும்புச் சுருள் ஒன்று பலம் குறைந்ததாம்.
அதில் பிறந்தவை அறுபத்து நான்கு தூண்கள்.
யார்டில், பெயிண்ட் ஷாப்பில், ஈப்போ ஷோரூமில்,
சுங்கை வீட்டில் ஒருவர் வாசலில்கூடத்
தேடிப் பிடித்தார்கள்.
அறுபத்து மூன்று.

ஒன்றைக் கேமராவால் படிக்க முடியவில்லை.
யாரோ 'தொடர்' பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள்.
நானாக இருந்தாலும் அழுத்தியிருப்பேன்.
லைன் நின்றால் நிமிடத்துக்கு இவ்வளவு என்று
சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

கிடைத்ததையெல்லாம் கழித்தால்
கிடைக்காததற்கும் நேரம் உண்டு.
விடிகாலை மூன்று பத்தொன்பது.
என்சிக் ஹஸ்ரி பாரத்தை நீட்டினார்.
காரணம் எழுத ஒரே ஒரு வரி.

மூன்று பத்தொன்பதுக்கு
தில்பகதூர் கையுறைக்குள் ஒளித்துப்
போனைக் கொண்டுவந்தான்.
பால்பாவில், அவன் பார்த்திராத மகள்.
கண் திறக்கவில்லை. கை மட்டும்
எதையோ பிடிக்கப் போவது போல.
பேர் என்ன என்றேன்.
பதினோராம் நாள்தான் வைப்பார்கள் என்றான்.
மறுபடி போடு என்றேன்.
மறுபடி போட்டான்.
துடைக்கும் துணி என் இடக்கையில்தான் இருந்தது.

உள்ளே போன் கொண்டுவந்தால் பெர்மிட் போகும்.
'லென்ஸ் அழுக்கு. கவனக்குறைவு. மலர்க்கொடி'
என்று எழுதினேன்.
வரியில் இன்னும் இடம் மிச்சமிருந்தது.

எண்பது ரிங்கிட் பிடித்தார்கள்.
அம்மாவிடம் சொல்லவில்லை.

அந்த மாத வண்டிகள் எல்லாவற்றையும்
திருப்பிக் கூப்பிடலாமா என்று
கோலாலம்பூரில் கூட்டம் நடக்கிறது.
இன்னும் நடக்கிறது.

சிப்ட் முடிந்து மோட்டாரில் வீட்டுக்கு.
ஆலைச் சந்தியில் சிவப்பு.
பக்கத்தில் ஒரு வெள்ளைக் கார்.
அந்த மாடல்தான். புதுசு,
சீட்டு பிளாஸ்டிக் இன்னும் கழற்றவில்லை.
பின்சீட்டில் ஒரு பையன்,
பள்ளி உடையில், வாயைத் திறந்தபடி,
இடப்பக்க நடுத்தூணில் தலை சாய்த்துத் தூங்குகிறான்.

இருக்காது.
எத்தனை ஆயிரம் வண்டி.
கண்ணாடியைத் தட்டலாம். தட்டி,
ஸ்டியரிங்கில் இருக்கும் பெண்ணிடம்
என்னவென்று ஆரம்பிப்பது?

பச்சை விழுந்தது.
பின்னால் குலை லாரிக்காரன் ஹார்ன் அடித்தான்.
இன்னொரு தடவை அடித்தான்.